6-ஏபிஏ தூளைக் கையாள்வோருக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெனிசிலின் வகை மருந்துகள் தயாராகும் ஆலைகளில் 6-அமினோபெனிசிலானிக் அமிலத்தை யாரும் முழுப்பெயர் சொல்லி அழைப்பதில்லை. 6-ஏபிஏ என்றால்தான் தெரியும். ஸ்டோர், எடைபோடும் அறை, ரியாக்டர் (வேதிவினை நடக்கும் பெரிய கலன்) தளம் ஆகிய மூன்று இடங்களிலும் இந்தத் தூளோடு நாள்தோறும் புழங்குகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இங்கே இருக்கின்றன. டிரம்மோடு வரும் பாதுகாப்புத் தரவுத் தாளும் உங்கள் ஆலையின் எழுதப்பட்ட செயல்முறையும் இதில் சொல்வதோடு முரண்பட்டால் அவற்றையே பின்பற்றுங்கள்.

6-ஏபிஏ மருந்தா, மூலப்பொருளா?

இரண்டுக்கும் நடுவில் இருப்பது. அதனால்தான் இடைநிலைப் பொருள் என்கிறோம். பெனிசிலியம் பூஞ்சையை நொதிக்க வைத்துப் பெனிசிலின் ஜி எடுக்கிறார்கள். அதன் பக்கச் சங்கிலியைப் பெனிசிலின் அசைலேஸ் என்ற நொதியால் வெட்டினால் ஒருபுறம் ஃபீனைல் அசிட்டிக் அமிலமும் மறுபுறம் 6-ஏபிஏவும் கிடைக்கின்றன. இந்த வெற்றுக் கருவோடு வேறு பக்கச் சங்கிலியை இணைத்தால் அமாக்சிசிலின், ஆம்பிசிலின், கிளாக்சசிலின் என்று மருந்துகள் பிறக்கின்றன. இங்கிலாந்தின் சர்ரே மாவட்டத்தில், பிராக்கம் பார்க்கில் இருந்த பீச்சம் ஆய்வகம் 1957இல் இதைப் பிரித்தெடுத்து, 1959இல் உலகுக்கு அறிவித்தது. அரைச் செயற்கைப் பெனிசிலின்கள் எல்லாவற்றுக்கும் அங்கிருந்துதான் வழி பிறந்தது.

இந்தியாவில் 1954இலேயே புனேக்கு அருகே பிம்ப்ரியில் அரசு நிறுவனமான இந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் தொடங்கப்பட்டது. ஆனாலும் பின்னாட்களில் பெனிசிலின் ஜியும் 6-ஏபிஏவும் பெரும்பாலும் சீனாவிலிருந்தே கப்பலில் வந்தன. ஆந்திராவின் காக்கிநாடாவில் பெனிசிலின் ஜி ஆலை 2024இல் திறக்கப்பட்டது. இந்தச் சரித்திரத்துக்கும் ஸ்டோருக்கும் நேரடித் தொடர்பு உண்டு. கடல் கடந்து, துறைமுகத்தில் காத்துக் கிடந்து, லாரியில் ஏறி வந்த டிரம்தான் உங்கள் கைக்கு வருகிறது. குளிரிலேயே வைக்க வேண்டிய சரக்கு இது; வழியில் அந்தக் குளிர் எத்தனை முறை அறுந்தது என்பதை டிரம்மைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. பெட்டிக்குள் வைத்தனுப்பும் வெப்பப் பதிவுக் கருவியால்தான் சொல்ல முடியும். சரக்கு வந்ததும் அதைப் பதிவிறக்கம் செய்யாமல் மேசை இழுப்பறைக்குள் போட்டுவைக்கும் ஸ்டோர்கள் இருக்கின்றன.

இது விஷம் இல்லை என்கிறார்களே, பிறகு ஏன் இத்தனை கெடுபிடி?

விஷம் இல்லை என்பது உண்மை. தெரியாமல் கொஞ்சம் விழுங்கிவிட்டாலும் பெரும்பாலானவர்களுக்கு உடனே ஒன்றும் ஆகாது. அமிலம்போலச் சுடாது, கரைப்பான்போல மூக்கைத் துளைக்காது. வெள்ளை நிறத்தில் மணமே தெரியாத தூளாக, அமைதியாக இருக்கும். என் கணிப்பில் இந்த அமைதிதான் இதன் பெரிய ஆபத்து. சயனைடு டிரம் அருகே போகும்போது தானாகவே எச்சரிக்கையாகிவிடும் அதே மனிதர், 6-ஏபிஏ பையை வெறுங்கையால் கட்டுவார்.

இதன் தீங்கு ஒவ்வாமையில் இருக்கிறது. பெனிசிலின் குடும்பம் முழுவதற்கும் பொதுவான பீட்டா-லாக்டம் வளையம் நம் உடலின் புரதங்களோடு நிரந்தரமாக ஒட்டிக்கொள்ளும். அப்படி ஒட்டிய புரதத்தை நம் எதிர்ப்பு மண்டலம் அந்நியனாக எண்ணி ஆயுதம் தயார் செய்துகொள்ளலாம். அதன் பிறகு மிகச் சிறிய அளவு தூளே போதும்: தோலில் தடிப்பு, மூக்கில் நீர், மூச்சிரைப்பு, அரிதாக, உடல் முழுவதையும் தாக்கி உயிரைப் பறிக்கும் அனஃபிலாக்சிஸ் என்ற கடும் ஒவ்வாமை. இத்துடன் நொதித்தலிலிருந்தும் நொதியிலிருந்தும் வந்து ஒட்டிக்கொள்ளும் புரத மாசுகளும் ஒவ்வாமையைக் கூட்டக்கூடும் என்பதை 1960களிலேயே பிரிட்டனில் கவனித்தார்கள்.

தரவுத் தாளின் 2ஆம் பிரிவைப் பாருங்கள். மார்பில் நட்சத்திரம் வெடித்ததுபோன்ற மனித உருவம், ‘ஆபத்து’ என்ற சொல், சுவாசித்தால் ஒவ்வாமையோ ஆஸ்துமாவோ வரலாம் என்ற வாசகம் ஆகியவை இருக்கும். மண்டை ஓடு இல்லை என்பதால் அந்தப் படத்தை இலேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அமாக்சிசிலின் மாத்திரை பலமுறை சாப்பிட்டிருக்கிறேன், ஒன்றும் ஆகவில்லை. அப்படியானால் எனக்கு ஆபத்து இல்லைதானே?

இன்று வரை இல்லை என்பதுதான் அதன் பொருள். ஒவ்வாமை பிறவியிலேயே வருவதாக இருக்க வேண்டியதில்லை. பழகப் பழக உருவாவது அது. மாத்திரை ஒரு வாரம் வயிற்றுக்குள் போகிறது. ஆலைத் தூசியோ ஆண்டுக்கணக்கில் மூக்கு வழியாகப் போகிறது. முதல் சில மாதங்கள் எதுவும் தெரியாமல், பிறகு ஒரு நாள் தும்மலில் தொடங்குவதுதான் வழக்கமான கதை.

ஏற்கெனவே பெனிசிலின் ஒவ்வாமை இருப்பதாகச் சொல்கிறவர்களில் மிகப் பெரும்பாலானோருக்குச் சோதித்துப் பார்த்தால் ஒவ்வாமை இருப்பதில்லை. அதற்காக, சோதிக்காமலே ஒருவரை இந்தத் தளத்தில் நிறுத்திப் பார்க்கக் கூடாது. வேலையில் சேரும் முன் ஒவ்வாமை வரலாறு கேட்பது, நுரையீரல் கொள்ளளவுச் சோதனை செய்து ஆரம்ப அளவைக் குறித்துவைப்பது ஆகிய இரண்டும் கட்டாயம். பின்னால் வரும் சந்தேகம் எதற்கும் அந்த ஆரம்ப அளவோடு ஒப்பிட்டுத்தான் விடை காண முடியும்.

எனக்கு ஒவ்வாமை தொடங்கிவிட்டது என்பதை எப்படி அறிவது?

தோலில் வருவது எளிதில் தெரியும்: மணிக்கட்டு, கழுத்து, கண்ணிமை போல உடுப்பு முடியும் இடங்களில் அரிப்பு வரும். தொல்லை தருவது சுவாசத்தில் வருவது. ஆஸ்துமா எப்போதும் வேலை நேரத்தில் வர வேண்டும் என்பதில்லை. ஷிப்ட் முடிந்து பல மணி நேரம் கழித்து, நள்ளிரவில் இருமலாகவும் இரைப்பாகவும் வரலாம். அதனால் ஆலையை யாரும் சந்தேகிப்பதில்லை. வீட்டின் ஒட்டடையையும் மார்கழிப் பனியையும் குறை சொல்வார்கள். வார விடுமுறையிலோ ஊருக்குப் போயிருக்கும் நாட்களிலோ இருமல் குறைந்து, திரும்பி வந்ததும் கூடினால் அதுவே வலுவான தடயம்.

1974இல் பிரிட்டிஷ் மருத்துவர்கள் பெனிசிலின் தொழிற்சாலைப் பணியாளர்களைச் சோதித்து, ஆம்பிசிலினும் 6-ஏபிஏவும் உள்ளிட்ட பொருள்களைச் சுவாசிப்பதால் ஆஸ்துமா வருவதை வெளியிட்டார்கள். அரை நூற்றாண்டாக அறிந்த நோய் இது. எனவே ‘உனக்கு உடம்பு ஒத்துக்கொள்ளவில்லை, வேறு வேலை பார்’ என்று வாய்மொழியாகச் சொல்லி அனுப்பிவிடுவது தவறு. தொழில்சார் நோய் என்று பதிவாக வேண்டும், அவரைத் தூசி இல்லாத பிரிவுக்கு மாற்ற வேண்டும். அதற்கு மேல், இனி எந்த மருத்துவரிடம் போனாலும் பெனிசிலின் பற்றி முதலில் சொல்லும்படி எழுத்தில் ஒரு சீட்டுக் கொடுக்க வேண்டும். ஒவ்வாமை உண்டானவர் ‘நல்ல முகமூடி போட்டுக்கொண்டு’ அதே இடத்தில் தொடர்வதை நான் ஏற்க மாட்டேன்.

எந்த முகமூடி அணிய வேண்டும்?

அறுவை சிகிச்சை முகமூடி இங்கே உதவாது. அது எதிரில் இருப்பவரைக் காப்பதற்கானது. ஓரங்களில் காற்று கசியும். குறைந்தது பி3 தர (மிக நுண்ணிய தூசியையும் பிடிக்கும்) வடிகட்டி பொருத்திய முகமூடி வேண்டும். தூள் கொட்டும் வேலைக்குச் சிறு விசிறி மூலம் வடிகட்டிய காற்றை ஊட்டும் தலைக்கவசம் நல்லது. முகத்தோடு ஒட்டும் வகை என்றால், ஓரத்தில் கசிகிறதா என்று பார்க்கும் பொருத்தச் சோதனை செய்யாமல் கொடுக்கக் கூடாது. தாடி வைத்தவருக்கு அது ஒட்டாது. அவருக்குக் காற்றூட்டும் கவசம்தான் வழி. கைக்கு இரட்டை நைட்ரைல் கையுறை, மேல் கையுறை உடுப்பின் கைப்பகுதிக்கு மேலே வரும்படி. பக்கங்கள் மூடிய கண்ணாடியும் தேவை.

நல்ல முகமூடி இருந்தால் திறந்தே கொட்டலாமா?

கூடாது. முகமூடி கடைசி அரண். தூசி பறந்த பிறகு அதை மூக்கில் மறிப்பதைவிடப் பறக்காமல் செய்வதே வேலை. எடைபோடுவது மேலிருந்து கீழே காற்று வீசும் அடைப்பிலோ கையுறைப் பெட்டியிலோ நடக்க வேண்டும். ரியாக்டருக்குள் ஊற்றும்போது பையை நேராக வாயோடு பொருத்தும் மூடிய இணைப்போ, வெற்றிடத்தால் உறிஞ்சும் குழாயோ வேண்டும்.

மூடிய முறைக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. இது எரியக்கூடிய கரிமத் தூள். பிளாஸ்டிக் பையிலிருந்து சரசரவென்று இறங்கும்போது நிலைமின்சாரம் சேரும். கீழே ரியாக்டரில் அசிட்டோன், ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் போன்ற எளிதில் தீப்பற்றும் கரைப்பான் இருந்தால், மேன்ஹோல் என்னும் மேல்திறப்பின் வாயில் அதன் ஆவி நிற்கும். ஒரு பொறி போதும். மேன்ஹோலைத் திறந்து கையால் கொட்டுவது பல ஆலைகளில் இன்னும் நடக்கிறது. டிரம், புனல், ரியாக்டர் மூன்றையும் தரையோடு இணைத்து, உள்ளிருக்கும் காற்றை நைட்ரஜனால் விலக்கி (நைட்ரஜன் போர்வை), இயன்றால் கரைப்பான் சேர்ப்பதற்கு முன்பே தூளைச் சேர்த்துவிடும்படி செய்முறையை மாற்றுங்கள். மின்கடத்தும் காலணி போட்டிருக்கும் மனிதர் மரப்பலகை மேல் நின்றால் அதனால் பயனில்லை என்பதையும் சொல்லிவைக்க வேண்டியிருக்கிறது.

2 முதல் 8 டிகிரி என்று டிரம்மில் எழுதியிருக்கிறது. ஏன் அந்தக் குளிர்?

பீட்டா-லாக்டம் என்பது நான்கு அணுக்கள் கொண்ட சதுர வளையம். அணுப் பிணைப்புகள் விரும்பும் கோணத்தில் இல்லாமல் வலிந்து வளைந்திருப்பதால் எப்போதும் இறுக்கத்தில் இருக்கும். கிருமியைக் கொல்லும் வேகம் அந்த இறுக்கத்திலிருந்துதான் வருகிறது. நம் புரதத்தோடு ஒட்டுவதும் அதனால்தான். ஈரம் பட்டால் வளையம் உடைகிறது. உடைந்த சரக்கிலிருந்து அமாக்சிசிலின் வராது. மாசு மட்டும் வரும். வெப்பம் அந்த உடைப்பை வேகப்படுத்துகிறது.

ஆனால் குளிரைவிட வறட்சி முக்கியம் என்பேன். உலர்ந்து நன்றாக மூடியிருக்கும் 6-ஏபிஏ சில மணி நேரம் 25 டிகிரியில் இருந்தால் பெரிய சேதம் இல்லை. 5 டிகிரியில் ஈரமாகக் கிடந்தால் மெல்ல மெல்லக் கெடும். தரக் குறிப்புகளில் நீரின் அளவுக்கு 0.5 சதவீதம் போன்ற கடுமையான வரம்பு இருப்பது அதனால்தான். குளிர் அறையின் வெப்பமானியை மணிக்கொருமுறை பார்க்கும் நாம், டிரம்முக்குள் இருக்கும் பையின் முடிச்சைப் பார்ப்பதில்லை.

குளிர் அறையிலிருந்து எடுத்த டிரம்மை உடனே திறக்கலாமா?

உடனே திறக்கவே கூடாது. இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள்.

சென்னையிலோ கடலூரிலோ 32 டிகிரி வெயிலும் 70 சதவீத ஈரப்பதமும் உள்ள ஒரு நாளில், காற்றிலிருக்கும் ஈரம் ஏறத்தாழ 26 டிகிரிக்குக் கீழே இருக்கும் எந்தப் பரப்பைத் தொட்டாலும் நீராகப் படிந்துவிடும். உங்கள் தூளோ 5 டிகிரியில் இருக்கிறது. மூடியைத் திறந்த கணமே அறைக்காற்று உள்ளே இறங்கி, தூளின் மேல் பனி கட்டும். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. பத்து நாள் கழித்து மிச்ச டிரம்மில் கட்டிகள் இருக்கும்போது, ‘சரக்கு இப்படித்தான் வந்தது’ என்று விற்றவருக்குக் கடிதம் போகும்.

முந்தைய நாளே டிரம்மை மூடியபடி, ஈரம் குறைந்த ஆயத்த அறைக்கு மாற்றி, இரவு முழுவதும் விடுங்கள். வெளிப்புறத்தில் வியர்வை நின்றுவிட்டது என்பதை வைத்துத் தீர்மானிக்க வேண்டாம். 25 கிலோ தூள் வெப்பத்தை மிக மெதுவாகக் கடத்தும். ஓரம் அறை வெப்பத்துக்கு வந்த பிறகும் நடுப்பகுதி பல மணி நேரம் குளிர்ந்தே இருக்கும். உங்கள் ஆலையில் ஒரு முறை, வெப்ப உணரியை நடுவில் செருகிய மாதிரி டிரம் ஒன்றை வைத்து எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று அளந்து, அந்த நேரத்தைச் செயல்முறையில் எழுதிவிடுங்கள். அதற்கு முன் திறக்க உற்பத்திப் பிரிவு அவசரப்படுத்தினால், அந்தத் தாளைக் காட்டுங்கள்.

பாதி எடுத்த டிரம்மை எப்படி மூடுவது?

உள் பையில் காற்றை மெதுவாக வெளியேற்றுங்கள். அழுத்திப் பிதுக்கினால் தூசி முகத்தில் அடிக்கும். பையின் வாயை முறுக்கி மடித்துப் பட்டையால் கட்டி, வெளிப் பையைத் தனியாகக் கட்ட வேண்டும். இரண்டையும் சேர்த்து ஒரே முடிச்சாகப் போடுவது சோம்பேறித்தனம். ஈரம் உறிஞ்சும் புதிய சிலிக்கா ஜெல் இரண்டு பைகளுக்கு நடுவில் இருக்கட்டும், தூளோடு கலக்க வேண்டாம். திறந்த தேதி, மீதி எடை, திறந்தவர் கையெழுத்து ஆகியவை லேபிளில் வர வேண்டும். திறந்த டிரம்மைத்தான் அடுத்து முடிக்க வேண்டும்; திறக்காத புதியதைத் தொடக் கூடாது.

மின்சாரம் போய்க் குளிர் அறை சூடாகிவிட்டால்?

முதலில் கதவைத் திறக்காதீர்கள். ‘உள்ளே எவ்வளவு சூடாகியிருக்கிறது பார்’ என்று ஐந்து பேர் போய்ப் பார்ப்பதில்தான் பாதிக் குளிர் போகும். ஜெனரேட்டர் தானாக இயங்கும்படியும், இரவில் எச்சரிக்கை அழைப்பு ஒரு மனிதரின் கைபேசிக்குப் போகும்படியும் இருக்க வேண்டும். நிகழ்ந்த நேரம், எட்டிய உச்ச வெப்பம், நீடித்த கால அளவு மூன்றையும் பதிவுசெய்து தரப் பிரிவிடம் ஒப்படையுங்கள். சரக்கு தேறுமா என்று ஸ்டோர் முடிவு செய்யக் கூடாது. மறுபடி குளிரவைத்து வாயை மூடிக்கொள்வதைவிடப் பெரிய குற்றம் இந்தத் தொழிலில் அதிகம் இல்லை.

வெப்ப உணரியை அறையின் மிகச் சூடான இடத்தில் வைக்க வேண்டும். எந்த இடம் என்பது ஊகத்தில் தெரியாது; பல உணரிகளை வைத்து அறையை அளந்தால் தெரியும். குளிரூட்டியின் நேர் கீழே டிரம் அடுக்க வேண்டாம், அங்கே சொட்டும்.

உறைநிலைக்குக் கீழே வைத்தால் இன்னும் நல்லதா?

தூளுக்குக் கெடுதல் இல்லை, பயனும் இல்லை. திறக்கும்போது பனி படியும் தொல்லைதான் கூடும்.

தூள் மஞ்சளாகிவிட்டது. பயன்படுத்தலாமா?

மங்கிய வெள்ளை வரை இயல்பு. மஞ்சள் தட்டினாலோ கட்டி கட்டினாலோ, பையைத் திறந்ததும் வழக்கமில்லாத வாடை வந்தாலோ ஒதுக்கிவைத்து மாதிரி அனுப்புங்கள். நீர் அளவு, தூய்மை, கரைசலின் நிறம் ஆகிய மூன்றும் பார்த்தால் தெரிந்துவிடும். நல்ல சரக்கோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து தீர்த்துவிடலாம் என்ற யோசனை எல்லா ஆலைகளிலும் யாருக்காவது வரும். தர வரம்பை மீறிய சரக்கை வரம்புக்குள் கொண்டுவர நல்ல சரக்கோடு கலப்பது, மருந்து மூலப்பொருள் தயாரிப்புக்கு உலக நாடுகள் பல பின்பற்றும் ஐசிஎச் கியூ7 விதிகளின்படி தடைசெய்யப்பட்டது.

கரைசலாக்கி வைத்துக்கொண்டு அடுத்த ஷிப்டில் பயன்படுத்தலாமா?

வேண்டாம். தூளாக இருக்கும்வரை அடங்கியிருக்கும் 6-ஏபிஏ, கரைந்தவுடன் தன்னையே தாக்கத் தொடங்குகிறது. ஒரு மூலக்கூறின் அமினோ முனை பக்கத்து மூலக்கூறின் பீட்டா-லாக்டம் வளையத்தைத் திறந்து அதோடு இணைகிறது. இப்படி இரட்டைகளும் நீண்ட சங்கிலிகளும் உருவாகும். இந்தச் சங்கிலிகளே பிறகு மருந்தில் ஒவ்வாமை மாசுகளாகப் போய்ச் சேரக்கூடும். கார்பன் டை ஆக்சைடோ பைகார்பனேட்டோ இருந்தால் 8-ஹைட்ராக்சிபெனில்லிக் அமிலம் என்ற இன்னொன்றும் உருவாகிறது. எனவே காரத்தில் கரைப்பது குளிரில் நடக்கட்டும், கரைத்ததை உடனே வினைக்கு அனுப்புங்கள். ஷிப்ட் மாறும் நேரத்தில் கரைசல் தயாராகி ஆளுக்காகக் காத்திருக்கும்படி வேலையைத் திட்டமிடாதீர்கள்.

பக்கத்தில் எதை வைக்கக் கூடாது?

வலிமையான காரம், வலிமையான அமிலம், ஆக்சிஜனேற்றிகள், அமில குளோரைடுகள். இவை மட்டுமின்றி, பெனிசிலின் அல்லாத எந்த மருந்துப் பொருளும் அதே அறையில் இருக்கக் கூடாது.

பெனிசிலின் அல்லாத மருந்தை, நன்றாகக் கழுவிவிட்டு, அதே கட்டடத்தில் தயாரித்தால் என்ன?

கழுவுவதால் தீராது. பாராசிட்டமால் வாங்கிச் சாப்பிடும் ஒவ்வாமைக்காரர் அதில் பெனிசிலின் துகள் இருக்கும் என்று கனவிலும் நினைக்க மாட்டார். ஐசிஎச் கியூ7, பெனிசிலின் போன்ற கடும் ஒவ்வாமைப் பொருள்களுக்குத் தனி உற்பத்திப் பகுதியும் தனிக் காற்றோட்டமும் தனிக் கருவிகளும் கேட்கிறது. நம் நாட்டின் மருந்து உற்பத்தித் தரத்துக்கான அட்டவணை எம் விதிகளும் தனி வளாகம் கேட்கின்றன. அமெரிக்க விதியோ, மற்ற மருந்தில் பெனிசிலின் கண்டறியப்பட்டால் அதைச் சந்தைக்கு விடவே கூடாது என்கிறது. செஃபலோஸ்போரின் என்ற இன்னொரு ஆன்டிபயாடிக் குடும்பமும் பீட்டா-லாக்டம்தான், உறவுக்காரர்தானே என்று அதைச் சேர்த்துச் செய்யவும் இயலாது. அதற்கும் தனி இடம் வேண்டும்.

அறையின் காற்றழுத்தத்தில் ஒரு சிக்கல் உண்டு. தூசி வெளியே போகக் கூடாது என்றால் அறை அழுத்தம் நடைபாதையைவிடக் குறைவாக இருக்க வேண்டும். வெளி அழுக்கு உள்ளே வரக் கூடாது என்றால் கூடுதலாக இருக்க வேண்டும். இரண்டையும் தீர்ப்பது நடுவில் வரும் காற்றுப்பூட்டு அறை. அதன் இரு கதவுகளையும் ஒரே நேரத்தில் திறந்து கட்டை வைத்து நிறுத்தும் வழக்கம் எங்கேயாவது இருந்தால், வடிவமைத்த பொறியாளரின் மொத்த உழைப்பும் அந்தக் கட்டையில் வீணாகிறது.

தூள் சிந்திவிட்டால்?

துடைப்பத்தைத் தொடாதீர்கள். அழுத்தக் காற்றால் ஊதுவதையும் மறந்துவிடுங்கள். ஆட்களை விலக்கி, முழுப் பாதுகாப்பு உடுப்புடன் இருவர் மட்டும் உள்ளே போங்கள். பெரும்பகுதியை ஹெப்பா (நுண்தூசியைப் பிடிக்கும்) வடிகட்டி உள்ள உறிஞ்சியால் எடுத்து, மிச்சத்தை ஈரத் துணியால், ஓரத்திலிருந்து நடுவை நோக்கித் துடையுங்கள். பிறகு செயலிழக்கச் செய்யும் கரைசல்: பெரும்பாலும் நீர்த்த சோடியம் ஹைட்ராக்சைடு, சில இடங்களில் பெனிசிலினேஸ் நொதி. உங்கள் ஆலை சோதித்து உறுதிசெய்த செறிவையும் ஊற நேரத்தையும் கடைப்பிடியுங்கள். தெளித்த உடனே வழித்தால் வினை நடக்க நேரமில்லை. வெளுப்பான் பயன்படுத்தும் இடத்தில் அமிலம் எதுவும் இல்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள், இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். கடைசியில் தண்ணீரால் கழுவுவதும் அவசியம். பரப்பைத் துடைத்தெடுத்து மிச்சம் இருக்கிறதா என்று பார்க்கும் துடைப்புச் சோதனையின் முடிவு வந்த பிறகே சிந்திய இடத்தைத் திறந்துவிட வேண்டும்.

ஒருவருக்கு மூச்சுத் திணறல் வந்துவிட்டது. என்ன செய்வது?

தூசியிலிருந்து வெளியே கொண்டுவந்து, 108ஐ அழையுங்கள். உதடு, நாக்கு வீங்குவது, உடம்பெங்கும் தடிப்பு, இரைப்பு, தலைசுற்றி விழுவது எல்லாம் அனஃபிலாக்சிஸின் அடையாளங்கள். அதற்கு மருந்து அட்ரினலின்: பெரியவருக்கு 0.5 மில்லிகிராம், தொடையின் வெளிப்புறத் தசையில், பயிற்சி பெற்றவர் கையால். ஒவ்வாமை மாத்திரை கொடுத்துவிட்டுக் காத்திருப்பது ஆளைக் கொல்லும். படுக்கவைத்துக் காலை உயர்த்துங்கள். மூச்சுத் திணறினால் உட்காரவையுங்கள். எழுந்து நடக்க விடாதீர்கள். சரியாகிவிட்டது என்று தோன்றினாலும் சில மணி நேரத்தில் மறுபடி வரலாம் என்பதால் மருத்துவமனையில் கண்காணிப்பு வேண்டும்.

ஆலை முதலுதவி அறையில் அட்ரினலின் இருக்கிறதா, காலாவதியாகாமல் இருக்கிறதா, இரவு ஷிப்டில் அதைப் போடத் தெரிந்தவர் இருக்கிறாரா என்பதை இன்றே போய்ப் பாருங்கள்.

கண்ணில் பட்டால் 15 நிமிடம் ஓடும் நீர். தோலில் பட்டால் சோப்பும் தண்ணீரும்.

வேலை உடுப்பை வீட்டில் துவைக்கலாமா?

கூடாது. உடுப்பில் ஒட்டிய தூள் வீட்டில் குழந்தைகளையும், துவைப்பவரையும் ஒவ்வாமைக்கு ஆளாக்கலாம். உடுப்பு ஆலையிலேயே இருக்க வேண்டும், ஆலையிலேயே தனியாகத் துவைக்க வேண்டும். வெளியேறும்போது நீர்த்துளிகள் தெளித்து உடுப்பின் மேலுள்ள தூசியை நனைத்துவிட்டு, அதன் பிறகு கழற்றி, குளித்துவிட்டுப் போக வேண்டும். ஒப்பந்தத் தொழிலாளருக்கும் இதே ஏற்பாடு வேண்டும். துடைப்பது, கழுவுவது, டிரம் உருட்டுவது என்று தூசி அதிகம் படும் வேலைகள் அவர்களிடம்தானே போகின்றன?

காலி டிரம்மை என்ன செய்வது?

விற்கக் கூடாது. மூடி இறுக்கமாக மூடும், நல்ல நீல நிற டிரம். சுற்றுவட்டார ஊர்களில் தண்ணீர் பிடித்துவைக்க இதற்கு எப்போதும் கிராக்கி. அதனாலேயே கண்காணிக்க வேண்டும். 2016ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகள், அபாயகரப் பொருள் ஒட்டிய காலிக் கலன்களையும் உள்பைகளையும் அபாயகரக் கழிவு என்றே வகைப்படுத்துகின்றன. உள்பையைச் சுருட்டி மூடிய கழிவுப் பையில் போட்டு எரிக்க அனுப்புங்கள். டிரம்மைச் செயலிழப்புக் கரைசலால் கழுவி, அனுமதி பெற்ற மறுசுழற்சியாளரிடம் மட்டும் கொடுங்கள். அனுப்பும் முன் துளையிட்டுவிட்டால் குடிதண்ணீருக்குப் போகாது.

கழிவுநீரில் கொஞ்சம் போனால்?

அந்தக் கொஞ்சத்தில்தான் மருந்துக்கு அடங்காத கிருமிகள் பழகுகின்றன. 6-ஏபிஏவின் கிருமி கொல்லும் திறன் மிகக் குறைவு என்பது சரிதான். ஆனால் அதே வாய்க்காலில் அதிலிருந்து செய்த அமாக்சிசிலினும் போகிறது. ஹைதராபாத் அருகே படான்செருவில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் வெளியேற்றத்தில் லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை சிப்ரோஃப்ளாக்சசின் என்ற வேறொரு ஆன்டிபயாடிக் இருந்ததாக 2007இல் வெளியான ஆய்வு உலகையே திரும்பிப் பார்க்கவைத்தது. பெனிசிலின்கள் அதைப்போலன்றி நீண்ட நாள் நிலைக்காதவை, காரத்தில் உடைபவை. அதாவது தீர்வு நம் கையில் இருக்கிறது. கழிவை உற்பத்தி வளாகத்திலேயே தனியாகப் பிடித்து, வளையத்தை உடைத்து, உடைந்ததா என்று அளந்து பார்த்த பிறகே பொதுச் சுத்திகரிப்புக்கு விட வேண்டும். உலக சுகாதார அமைப்பு 2024 செப்டம்பரில் ஆன்டிபயாடிக் ஆலைக் கழிவுக்கென்றே வழிகாட்டுதல் வெளியிட்டது.

லாரியில் அபாய முத்திரை எதுவும் இல்லையே?

பெரும்பாலான தரவுத் தாள்களின் 14ஆம் பிரிவில், போக்குவரத்துக்கு இது ஆபத்தான சரக்கு அல்ல என்றுதான் இருக்கும். தீப்பிடிப்பு, உலோகத்தையும் தோலையும் அரித்தழிக்கும் தன்மை, நச்சு என்பவற்றைப் பார்க்கும் அந்த விதிகளில் ஒவ்வாமைக்கு இடமில்லை. விளைவு, சுமை இறக்குபவர் வெறுங்கையோடு வருகிறார், கிழிந்த டிரம்மை முதுகில் ஏற்றுகிறார். எனவே சரக்கோடு தமிழில் ஒரு பக்க அறிவிப்பு போகட்டும். கிழிந்த டிரம் வந்தால் இறக்கும் முன்பே பெரிய பையால் சுற்றிவிட்டுப் பிறகு நகர்த்துங்கள்.

மறுபரிசோதனைத் தேதி கடந்துவிட்டால் தூக்கி எறிய வேண்டுமா?

அது காலாவதித் தேதி அல்ல. அந்தத் தேதிக்குப் பிறகு மாதிரி எடுத்துச் சோதித்து, தரம் தேறினால் உடனடியாகப் பயன்படுத்தலாம். சோதனையில் தேறியது என்பதற்காக மறுபடி ஓராண்டு அலமாரியில் ஏற்றிவைக்க அனுமதி கிடைத்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.